மீன் கேட்ட சிஸ்டர்

பூந்தமல்லிக்கு அப்பால், கன்னியர் மடம் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தில், மூன்று வாரம் ஒரு வயதான கன்னியாஸ்திரீ வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன சொல் என் நோட்டில் இருந்தது. அதற்கு எதிரே நான் தவறான அர்த்தத்தை எழுதி, அடியில் கோடும் போட்டு வைத்திருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், திட்டுகிறவர்கள் இப்போதே திட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் என் காதைப் பற்றி எனக்கிருந்த கர்வத்தால் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே ஆள் யார், எந்த ஊர், குடித்திருக்கிறாரா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவேன். "அந்தம்மாவுக்குப் பாம்புக் காது" என்று மேனேஜர்களே சொல்வார்கள். பாம்புக்கு வெளியே தெரிகிற காதே கிடையாது என்பது ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த இல்லத்தில் இருப்பவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. ரங்கூனில் பிறந்து, இருந்ததையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போன பிறகு கொரட்டூரில் என் வீட்டில்தான் இருந்தார். கால்கள் இரண்டும் ஓய்ந்து படுத்த படுக்கையானதும், மூன்றாவது மாடியில் வைத்துப் பார்க்க முடியாமல் இல்லத்தில் சேர்த்தேன். முடியாமல் என்பது பாதி உண்மை. மீதி என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி, வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

பர்மா என்றதும் எல்லோரும் அத்தோ நூடுல்ஸ் கடையைத்தான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் பர்மா என்றால் ரகசியம் பேசுகிற பாஷை. வியாதி, சண்டை, யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்று, பிள்ளைகள் காதில் விழக் கூடாத எல்லாமே அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே பர்மியத்தில் நடக்கும். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, வசவுகளையும் வியாதிகளையும் பொறுக்கிப் பொறுக்கி நானாகச் சேர்த்த பாஷை அது. எழுதப் படிக்கத் தெரியாது. இல்லத்திலும் பழைய வழக்கம் தொடர்ந்தது. குழம்பு வாயில் வைக்க முடியவில்லை, படுக்கை விரிப்பு மாற்றவில்லை என்று குறை சொல்ல வேண்டுமானால் பெரியம்மா பர்மியத்துக்குத் தாவிவிடுவார். ஆயா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னா பாட்டி, பாட்டு பாட்றியா?" என்று சிரிப்பாள்.

அடுத்த கட்டிலில் இருந்தவரை ஸ்பெயின் சிஸ்டர் என்பார்கள். வாலிப வயதில் நர்ஸாக இங்கே வந்து, ஆவடி, முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்து டிஸ்பென்சரிகளில் ஆயுள் முழுவதும் ஊசி போட்டவர், பிரசவம் பார்த்தவர். "முக்கு, இன்னும் நல்லா முக்கு" என்று நம்மூர்த் தமிழில் அவர் போடுகிற அதட்டலில் பாதிப் பிள்ளைகள் பயந்தே வெளியே வந்துவிடும் என்று மடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசி இரண்டு வருடத்தில் மறதி நோய் வந்தது. முதலில் ஆங்கிலம் போயிற்று. பிறகு தமிழ், அதன் பிறகு ஸ்பானிஷ். மிச்சமிருந்தது யாருக்கும் புரியாத ஏதோ ஒன்று. ஸ்பானிஷ் தெரிந்த வெளியூர்ச் சிஸ்டர் ஒருவரை போனில் பேச வைத்தார்கள். அவர் கேட்டுவிட்டு, இது ஸ்பானிஷே இல்லை, வெறும் உளறல் என்று சொல்லிவிட்டார். மடத்தில் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

விடாதவள் ஆயா ஒருத்திதான், அதுவும் கோபத்தில். செம்பரம்பாக்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவள். சிஸ்டரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பவுடர் போட்டுப் பார்த்துக்கொண்டவள். ஒரு ஞாயிறு என்னிடம் மூக்கைச் சிந்தினாள்.

"என்ன நாயின்றாங்க மேடம். டம்ளர எத்துகினு போனா போதும், நாய் நாய்ன்றாங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

கட்டில் பக்கம் போய்க் கேட்டேன். சிஸ்டர் டம்ளரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "உரா நாய் துத்." என் டெலிபோன் காது விறைத்துக்கொண்டது. உளறுகிறவர்கள் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள். நல்ல வேளையாக அன்றைக்கு சிஸ்டரின் தம்பி மகள் வீடியோவில் கூப்பிடுகிற நாள். மாதம் ஒருமுறை கூப்பிடுவார், சிஸ்டர் முகத்தைப் பார்ப்பார், முத்தம் கொடுப்பார், ஐந்து நிமிடத்தில் லைன் போய்விடும். நான் இடையில் புகுந்து ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். அது பாஸ்க் மொழி, ஸ்பெயினின் வடக்கே எங்கள் மலைப் பக்கத்துப் பாஷை, அத்தை சின்ன வயதில் பேசியது அதுதான் என்றார். 'உரா' தண்ணீர். 'நாயி' என்றால் விருப்பம், வேண்டும். 'துத்' என்றால் எனக்கு உண்டு.

"அய்யோ, தண்ணியா கேட்டுச்சு!" ஆயா வாயில் அடித்துக்கொண்டாள். "மன்ச்சிக்கோ சிஸ்டரு."

அன்றைக்கு நான் அந்த இல்லத்தில் பெரிய ஆளாகிவிட்டேன். மடத்துத் தலைவி மதரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்களுக்கு ஆண்டவர் அனுப்பின ஆளு" என்றார். தலைக்கு ஏறாமல் இருக்குமா? ஏறியது.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கம் பர்மியம், வலது பக்கம் பாஸ்க். ஒன்று பெரியம்மாவிடம் கேட்டது, மற்றது போனில் தேடியது. தண்ணீருக்கு 'யே', 'உரா'. நெருப்புக்கு 'மீ', 'சு'. வீட்டுக்கு 'எய்ன்', 'எச்சே'. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பர்மியத்துக்காவது திபெத் வரைக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. பாஸ்குக்கு இன்றைக்கு உலகத்தில் ஒரு உறவு கிடையாது, அனாதை மொழி. என் கொழுந்தனாரிடம் இதைச் சொன்னபோது, "அதுவும் தமிழ்லேர்ந்துதான் போயிருக்கும் அண்ணி" என்றார். அவருடைய வாட்ஸப்பில் எல்லாமே தமிழிலிருந்துதான் போகும். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் சொல்லை விட்டு வாக்கியத்தைப் பார்த்தால் மூன்றும் ஒரே தெருவில் நடக்கின்றன. 'உரா நாயி துத்', 'யே லோ ஜின் தெ', தண்ணி வேணும். தண்ணீர் முதலில், வேண்டும் கடைசியில். வேலையைச் செய்தவர் மேல் இரண்டு பாஷையும் ஒரு ககரத்தை ஒட்டுகின்றன. பர்மியத்தில் 'ங்கா க', பாஸ்கில் 'நிக்', இரண்டுமே நான். எல்லா இடத்திலும் ஒட்டுவதில்லை. அதற்கு ஏதோ கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை. மறுப்பதில்தான் இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். பர்மியம் வினைக்கு முன்னால் ஒரு 'ம', பின்னால் ஒரு 'பூ' என்று இரண்டு பக்கமும் பூட்டுப் போடும். பாஸ்க் 'எஸ்' என்று ஒரே வெட்டில் முடித்துவிடும். இந்த 'எஸ்' இருக்கிறதே, அதை இங்கிலீஷ் 'எஸ்' என்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் திருப்புகிறவர் வாயில் ஆயா மூன்று மாதமாகக் கஞ்சியைத் திணித்துக்கொண்டிருந்தாள். அதையும் நான்தான் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

குரலில்தான் பெரிய தூரம். பர்மியம் ஒரே சொல்லை ஏற்றியும் இறக்கியும் வேறு வேறு ஆக்கிவிடும். 'லா' என்று தட்டையாகச் சொன்னால் வா. வெட்டிச் சொன்னால் மாதம். ஏற்றி இழுத்தால் கேள்வி. பாஸ்குக்கு அந்தத் தொல்லை இல்லை, நம்மைப் போலத்தான். என் பர்மியத்தில் இந்த ஏற்ற இறக்கம் நிற்காது என்று பெரியம்மா அடிக்கடி சொல்வார். கதவு வழியாகக் கேட்டுக் கற்றவளுக்கு அவ்வளவுதான் கிடைக்கும் என்று நானும் சிரித்துவிடுவேன்.

'அமா' என்ற சொல்லைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. சாயங்காலமானால் சிஸ்டர் "அமா, அமா" என்று கூப்பிடுவார். பாஸ்கில் அது தாய். பர்மியத்தில் அக்கா. பெரியம்மா தன்னைத்தான் அக்கா என்கிறார் என்று நினைத்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவே கையை நீட்டுவார். ஆயாவோ நம்முடைய அம்மா என்று எடுத்துக்கொண்டு, "இன்னா கண்ணு" என்பாள். மூன்று பேரும் மூன்று விதமாகக் கேட்டு, மூவரும் சரியானதையே செய்தார்கள். தப்பாகக் கேட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்கிற தைரியம் அப்போதுதான் எனக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு ஆயா என்னை வாசல் கேட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மேடம், சிஸ்டரு மீன் கேக்கறாங்க. பெரட்டிப் போட்டா மீனு, துணி மாத்துனா மீனு. பாவமேன்னு எங்க ஊட்டுக்காரு ஏரில புட்ச்ச கெண்டைய கொழம்பு வெச்சி, முள்ளு எத்து ஊட்னேன். வாயில வெச்சா எஸ்ஸுன்றாங்க. அப்பால மறுபடி மீனுன்றாங்க, தூன்றாங்க. மீனு, தூ! மீனு, தூ! இன்னாதான் மேடம் வோணும் இவங்களுக்கு?"

புரட்டிப் போட்டால் மீன். எல்லாமே அதில் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு அவளுக்குப் பாடம் எடுத்தேன். எஸ் என்றால் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேனே, அதனால் மீன் கேட்கவில்லை என்பது நிச்சயம். அதுவரை சரி. கட்டிலருகே போய்க் கேட்டேன். நெடில் இல்லை, குறில்தான், மின். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். பர்மியத்தில் 'மின்' என்றால் நீ. பெரியம்மா பேசுவதைக் கேட்டுக் கேட்டு சிஸ்டருக்குப் பர்மியம் ஒட்டிக்கொண்டுவிட்டது! எல்லாப் பாஷையும் உதிர்ந்துபோன ஒரு மூளையில் புதிதாக ஒரு சொல் முளைத்திருக்கிறது. எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க. நீ, நீன்னு" என்றேன் ஆயாவிடம்.

"என்னியா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து சிஸ்டர் மின் என்று சொல்லும்போதெல்லாம், "தோ வந்துட்டேன் சிஸ்டரு" என்று ஓடி வந்து, ஆசை ஆசையாகப் புரட்டி, இடுப்பைத் தட்டிக் கொடுத்து, தலையணை வைத்துவிட்டுப் போனாள். நான் நோட்டில் எழுதிக் கோடு போட்டேன். போன் என் கையில்தான் இருந்தது. தண்ணீரையும் நெருப்பையும் தேடின கை இதைத் தேடவில்லை. விடை தெரிந்துவிட்ட பிறகு எவள் தேடுவாள்? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். 'மின்' என்பது வயதில் சின்னவர்களை, உரிமைப்பட்டவர்களைக் கூப்பிடுகிற சொல். கன்னியாஸ்திரீயைப் பெரியம்மா ஒருநாளும் நீ என்று கூப்பிட்டிருக்க மாட்டார், சாகிற வரைக்கும் மாட்டார். எனக்குத் தெரியாதா இது?

அடுத்த வீடியோ அழைப்பு வந்தபோது நோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், தம்பி மகளிடம் காட்டுவதற்கு. அவர் பார்க்கட்டும் என்று ஆயா சிஸ்டரை இந்தப் பக்கமாகத் திருப்பினாள். சிஸ்டர் வழக்கம்போல 'மின்' என்றார். போனில் இருந்த பெண்ணின் முகம் மாறியது. நான் முந்திக்கொண்டு, உங்கள் அத்தை பர்மியம் கற்றுக்கொண்டுவிட்டார் தெரியுமா என்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவேயில்லை. "நோன்? நோன்?" என்று சிஸ்டரைப் பார்த்துக் கத்தினார். சிஸ்டரின் வலது கை போர்வைக்குள் மெதுவாக நகர்ந்து, இடுப்பில் போய் நின்றது. 'நோன்' என்றால் எங்கே. மூன்று வாரத்தில் அவருக்குப் புரிகிற மாதிரி யாரும் கேட்காத கேள்வி அதுதான்.

மின் என்றால் வலி. மின் துத், எனக்கு வலி இருக்கிறது. ஆயாவுக்கு 'தூ' என்று கேட்டது துப்பல் இல்லை, 'துத்'. முதல் நாளே நான் எழுதி வைத்த 'துத்'.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பு உடைந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது என்றார் டாக்டர். இந்த வயதில் கட்டிலில் புரளும்போதுகூட உடையலாம், எப்போது உடைந்தது என்று சொல்ல முடியாது. "வலின்னு அவங்க சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். மதர் என்னைப் பார்த்தார். "சொன்னாங்க" என்றேன். அதற்குள் படுக்கைப் புண் உள்ளே இறங்கி, நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பன்னிரண்டாம் நாள் சிஸ்டர் இறந்துபோனார்.

ஆயா கல்லறைத் தோட்டத்தில் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, கூப்பிட்றாங்கன்னு நெனச்சி பெரட்டிப் பெரட்டிப் போட்டேனே. கூப்பிட்றாங்கன்னு சொன்னாங்களே." சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. மதர் மட்டும் என் தோளைத் தொட்டு, நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள் என்றார். நல்ல எண்ணமாவது, மண்ணாங்கட்டியாவது. எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது ஒரு டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். எனக்குத் தெரியும் என்று சொன்னதால் யாரும் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு போனபோது பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் செய்தது, நான் சிரித்தது, நோட்டு, கோடு, எல்லாம். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பெரியம்மா அழவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. உங்கிட்ட சொன்னேனே" என்றார்.

"எங்கிட்டயா? எப்ப பெரிம்மா?"

"மொத வாரமே. நீ ஆரஞ்சு உரிச்சிக்கிட்டிருந்த. அவங்க கட்டிலைக் காட்டி, 'நா நே தெ'ன்னேன். ஆயா பக்கத்துலயே நின்னா. அவ எதிர்ல தமிழ்ல எப்படிச் சொல்றது? நாளைக்கு எனக்கு பெட்பேன் வைக்கறவ அவதானே. அதான் நம்ம பாஷையில சொன்னேன்."

ஞாபகம் வந்தது. ஆரஞ்சுச் சுளையின் நாரை எடுத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பர்மியத்தில் 'நா' என்று தட்டையாகச் சொன்னால் வலி. அதையே ஏற்றி இழுத்தால் ஓய்வு. பெரியம்மா சொன்னது, வலியில் இருக்கிறார். என் காதில் விழுந்தது, ஓய்வெடுக்கிறார். நான் சுளையைப் பெரியம்மா வாயில் வைத்தபடி தமிழில் பதில் சொன்னேன்: நல்லதுதானே பெரிம்மா, இருக்கட்டும் விடுங்க.

"நல்லதுதானே, இருக்கட்டும் விடுங்கன்ன" என்றார் பெரியம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. "சரி, இவளுக்கும் தெரிஞ்சுதான் இருக்கு, வயசான உசுரு, போனா போகட்டும்னு எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

என்னைப் பற்றி அவர் அப்படி நினைத்திருக்கிறார். மூன்று வாரம் நான் கொண்டுபோன ஆரஞ்சையும் பிஸ்கட்டையும் வாங்கித் தின்றுகொண்டே, இவள் இப்படிப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். இல்லை பெரிம்மா, நான் அப்படி நினைக்கல, எனக்குக் காதுல சரியா விழல என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவரை அங்கே கொண்டுபோய் விட்டவள் சொன்னால் எப்படி நம்புவார்?

"உங்களுக்கு எங்கயாச்சும் வலிச்சா தமிழ்லயே சொல்லுங்க பெரிம்மா. யார் இருந்தாலும் சரி, சத்தமா சொல்லுங்க" என்றேன்.

பெரியம்மா வாசலைப் பார்த்தார். ஆயா வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பர்மியத்தில் ஏதோ சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையே நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னார்.

"எனக்குப் புரியல பெரிம்மா" என்றேன்.

"தெரியும்" என்றார், தமிழில்.